பார்த்ததுக்கு எவ்வளவு?

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. ஆபீசில் ஆணி அதிகம். இன்றைக்கு ஒரு கார்க் கதை. கார் பிடிக்காதவர்களும் ஓடிவிடாதீர்கள், கடைசியில் உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிவிடுகிறேன். கொல்கத்தாவுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. லேக் மார்க்கெட் பக்கம் ஜாகை. காப்பிப் பொடி, வாழையிலை, மல்லிகைப்பூ எல்லாம் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும் என்பதால் தங்கமணி இந்த ஏரியாவை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். எனக்கு வேலை, தொழிற்சாலைகளுக்கு மின்சார வடிவமைப்பு. எந்தக் கேபிளில் எவ்வளவு வோல்டேஜ் விழும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்டுவதற்கு உதவும்.

எங்கள் பழைய வீட்டுக்காரர் ஒரு ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார். நாங்கள் அவரைக் 'காக்காபாபு' என்று கூப்பிடுவோம். வங்காளத்தில் காக்கா என்றால் சித்தப்பா. ஊரிலிருந்து அம்மா முதல் தடவை வந்தபோது, "பெரிய மனுஷரைப் போய்க் காக்காங்கறியே, அவர் என்ன நிறம் கம்மியா இருந்தா உனக்கென்ன?" என்று என்னைக் கடிந்துகொண்டது தனிக் கதை.

காக்காபாபுவிடம் ஒரு அம்பாசடர் இருந்தது. 1971-ஆம் வருட மார்க் டூ, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். ஹூக்ளிக்கு அக்கரையில் உத்தர்பாராவில் செய்தது. அந்தத் தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2019-ல் காக்காபாபு பெண் வீட்டோடு பெங்களூர் போகும்போது வண்டியை எனக்குக் கொடுத்தார். விலை பேசவே இல்லை, ஒரு தொகையைச் சொன்னார், கொடுத்தேன். ஒரே ஒரு கண்டிஷன். "இதில் எதையும் மல்லிக் பஜாருக்கு அனுப்பிவிடாதே." மல்லிக் பஜார் என்பது இங்கே பழைய கார் சாமான்கள் விற்கும் இடம். முழுசாக உள்ளே போகிற வண்டி அக்கக்காகப் பிரிந்து வெளியே வரும்.

நான் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2022 கடைசியில் கிளட்ச் போய், இன்ஜினை இறக்கி வேலை செய்தோம். செய்த கையோடு இன்ஜின் அறைக்குள்ளும் பெயின்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கினோம். ஆறேழு மாதம் ஒரு பிரச்னையும் இல்லை. 2023 மழைக்காலம் முடிந்ததும் ஆரம்பித்தது. சாவியைப் போட்டு செல்ஃப் அடித்தால், பழைய சுறுசுறுப்பு இல்லை. 'உர்ர்... உர்ர்... உர்ர்' என்று இழுத்து இழுத்து அடித்தது. நாலைந்து தடவை முயன்றால் ஒரு தடவை கிளம்பும்.

பேட்டரி டவுன் என்றார் மிஸ்திரி. (இங்கே மெக்கானிக்கை மிஸ்திரி என்பார்கள்.) நியாயம்தானே? புது பேட்டரி வாங்கினேன், ஆறாயிரத்துச் சொச்சம். இரண்டு வாரம் கொஞ்சம் தேவலை. பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

அடுத்து, செல்ஃப் மோட்டார் வீக் என்றார். வேறு ஒரு மோட்டார் எடுத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றார். போட்டோம், ஒன்பதாயிரம். பழைய மோட்டாரை என்ன செய்வது என்று கேட்டார். வீட்டில் வைக்க இடமில்லை, மல்லிக் பஜாரில் எடைக்குப் போட்டுவிடச் சொன்னேன். அவர் அதைத் தூக்கும்போது மேலே இருந்த தகட்டைப் பார்த்தேன். லூகாஸ் டிவிஎஸ், மெட்ராஸ். நம்ம பாடியில் 1961-ல் தொடங்கின கம்பெனி. பாடியிலிருந்து உத்தர்பாராவுக்கு வந்து, ஐம்பது வருடம் ஒரு வாத்தியாரின் வண்டியைக் கிளப்பின மோட்டார். பாடிக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான் அதைக் கிலோக் கணக்கில் விற்றேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வண்டி கிளம்பினால் போதும் என்றிருந்தது.

வண்டி கிளம்பவில்லை. அதே உர்ர்... உர்ர்.

பிறகு இக்னிஷன் காயில் மாற்றினோம். பாயின்ட், கண்டென்சர், பிளக் மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் நன்றாக இருந்த மாதிரி இருக்கும். காசு செலவழித்தவனுக்கு அப்படித்தான் இருக்கும்!

இதற்கிடையில் என் பெண் ஒரு நாள் சொன்னாள், "அப்பா, ஸ்டார்ட் பண்றப்போ சோக் வயர்கிட்ட ஏதோ தீயற வாசனை வருதுப்பா." பழைய வண்டின்னா அப்படித்தான்மா என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வயதுப் பெண் கண்டுபிடித்துச் சொன்னதைக் கேட்டிருந்தால் எத்தனையோ மிச்சம்.

2025 ஜனவரியில் அம்மா வந்திருந்தார். தட்சிணேஸ்வரம் கூட்டிப்போனேன். தரிசனம் முடிந்து திரும்ப வந்து உட்கார்ந்தால், செல்ஃப் அரைச்சுற்று சுற்றி நின்றுவிட்டது. முழங்கால் வலியோடு அம்மா இறங்கி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றார். கடைசியில் டீக்கடைக்காரர்கள் நாலு பேர் தள்ளினார்கள். பத்தடி கூடப் போகவில்லை, கியரில் விட்டதும் டக்கென்று கிளம்பிவிட்டது. வீடு வரும்வரை அம்மா பேசவில்லை. வந்ததும், "இதை வித்துட்டு ஒரு நல்ல வண்டியா வாங்குடா. ஊர்ல கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றார். தங்கமணி எதுவும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம்.

அன்று ராத்திரி விற்பனை விளம்பரத்துக்கு போட்டோ எடுக்கலாம் என்று கீழே போனேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தள்ளினால் பத்தடியில் கிளம்புகிற வண்டி, செல்ஃப் அடித்தால் ஏன் கிளம்ப மாட்டேன் என்கிறது? பெட்ரோல் வருகிறது. பிளக்கில் நெருப்பு வருகிறது. அப்படியென்றால் செல்ஃப் அடிக்கும்போது மட்டும்தான் ஏதோ நடக்கிறது. இரண்டு வருடமாக நான் எல்லாவற்றையும் மாற்றினேனே, எதையாவது அளந்தேனா?

ஆபீஸ் பையில் மல்டிமீட்டர் இருக்கிறது மக்களே. தினமும் இருக்கிறது. இப்போது திட்டலாம் :-)

மறுநாள் காலை தங்கமணியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இழுத்தாச்சு. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த வயரைப் பிடுங்கி, இன்ஜினில் உரசி இருக்கும்படி வைத்தேன். அப்போதுதான் இன்ஜின் கிளம்பாமல் செல்ஃப் மட்டும் சுற்றும். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் மோட்டார் ஆறட்டும். அளந்தது இதுதான்:

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். முழு சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரி.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 10.8. இதுவும் பரவாயில்லை. பத்துக்குக் கீழே ரொம்ப இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும்.

செல்ஃப் அடிக்கும்போது மோட்டாரின் முனைக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே 7.4. நடுவில் 3.4 வோல்ட் காணோம்!

பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் வழியில் 0.5 வோல்ட் விழுந்தது. இன்ஜினிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்குத் திரும்பி வரும் வழியில் 2.9 வோல்ட். பொதுவாக எர்த் பக்கம் 0.2, 0.3-க்கு மேல் போகக்கூடாது. திருடன் அகப்பட்டுக்கொண்டான்.

அம்பாசடர் மாதிரி வண்டிகளில் இன்ஜின் ரப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இன்ஜினுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே செம்புக் கம்பியில் பின்னின ஒரு பட்டை இருக்கும். செல்ஃப் இழுக்கிற கரண்ட் முழுக்க அந்தப் பட்டை வழியாகத்தான் போக வேண்டும். கிளட்ச் வேலையின்போது அதைக் கழற்றி, புதுசாக அடித்த பெயின்ட்டின் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் தொடர்பு இருந்திருக்கிறது. கொல்கத்தாவின் ஒரு மழைக்காலம் அந்தக் கொஞ்சத்தையும் துருவாக்கிவிட்டது.

சும்மா இருக்கும்போது மீட்டரை வைத்துத் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தால் 'பீப்' என்று சந்தோஷமாகக் கூவும். அதை நம்பாதீர்கள். அங்கே இருக்கும் தடை 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டருக்கு அது பூஜ்யம் மாதிரிதான். டேஷ்போர்டு விளக்குக்கும் அது பொருட்டில்லை. ஆனால் செல்ஃப் 150 ஆம்பியர் இழுத்தால் அதே 20 மில்லி ஓமில் 3 வோல்ட் விழுந்துவிடும். அதனால்தான் சுமை ஓடும்போதே அளக்க வேண்டும் என்கிறேன்.

மெதுவாகச் சுற்றுவதும், கிளம்ப மறுப்பதும் இரண்டு வியாதி என்று நினைத்து இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவு செய்தேன். இரண்டும் ஒன்றுதான். காயிலுக்குப் போகும் கரண்டும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் வழியாக இன்ஜினுக்கு வந்து, அதே பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. செல்ஃப் அடிக்கும்போது அங்கே மூன்று வோல்ட் விழுந்தால், காயிலுக்கு எட்டு வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். நெருப்பு சோனியாக வரும். தள்ளும்போது செல்ஃப் ஓடுவதில்லை, காயிலுக்கு முழு வோல்ட்டும் கிடைக்கிறது, பத்தடியில் கிளம்புகிறது. சோக் வயர் தீய்ந்த வாசனையும் இதே கதைதான். நேர்வழி அடைத்துக்கொண்டதால் கரண்ட் சோக் கேபிளின் இரும்பு உறை வழியாக வண்டி உடம்புக்குப் போகப் பார்த்திருக்கிறது. என் பெண்ணின் மூக்கு என் டிகிரியை விடக் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்திருக்கிறது.

வைத்தியம்? உப்புத்தாள் போட்டு இரண்டு பக்கமும் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். புதுப் பட்டை நூற்றெண்பது ரூபாய். முடுக்கி, மேலே வாசலீன் தடவினேன். இப்போது எர்த் பக்கம் 0.2. மோட்டாருக்கு 9.8 வோல்ட். செல்ஃப் அடித்தேன். அரைச்சுற்றில் பிடித்துக்கொண்டது. மாடியில் நின்ற அம்மா, "புது பேட்டரியாடா?" என்று கேட்டார்.

சரி, இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

மிஸ்திரியைத் திட்டி இந்தப் பதிவை முடித்துவிடலாம். முதலில் அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டே யோசித்தபோதுதான் தெரிந்தது, குற்றவாளி அவர் இல்லை. அவர் ஒரு நாள் கேட்டார், "சார், வண்டியை ஒரு நாள் விட்டுட்டுப் போங்க, நிதானமா பார்க்கணும், கூலி ஐந்நூறு ஆகும்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்க்கறதுக்கே ஐந்நூறா?" மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்னேன். அதற்கு அடுத்த வாரம்தான் அவர் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொன்னார். ஒன்பதாயிரத்தை ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தேன்.

நம் எல்லோரிடமும் இந்த வியாதி இருக்கிறது. கையில் ஒரு சாமான் வந்தால் காசு கொடுப்போம். பெட்டியைப் பிரித்த வாசனை வந்தால் இன்னும் சந்தோஷமாகக் கொடுப்போம். ஒருத்தர் தன் நேரத்தையும் மூளையையும் செலவழித்து, "இதில் ஒன்றும் கெடவில்லை, ஒரு போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருக்கிறது" என்று சொன்னால், அதற்குக் காசு கொடுக்க மனசு வராது. டாக்டரிடமும் அதே கதைதான். மருந்து எழுதிக் கொடுக்காமல், ஒன்றும் இல்லை, போய்த் தூங்குங்கள் என்று சொன்ன டாக்டரை ஊரில் யார் நல்ல டாக்டர் என்கிறார்கள்?

பார்ப்பதற்குக் கூலி கிடைக்காது என்று தெரிந்த மிஸ்திரி எதற்குப் பார்க்கப் போகிறார்? மாற்றினால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். மாற்றி மாற்றிப் பழகியவரின் கையிலிருந்து பார்க்கிற வித்தை மெதுவாகப் போய்விடும். அது போனதற்கு நாம்தான் காரணம்.

புது வண்டியில் இதனால் பெரிய நஷ்டமில்லை. இன்னொரு சாமான் கிடைக்கும். பழைய வண்டியில் மாற்றினது மாற்றினதுதான். அசல் உறுப்பு ஒரு தடவை எடைக்குப் போனால் திரும்ப வராது. இந்த ஊரில் மஞ்சள் அம்பாசடர் டாக்சிகளே பதினைந்து வருட விதியில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. சாமான் செய்கிறவர்களும் குறைந்துகொண்டுதான் வருவார்கள். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மீட்டர் வாங்குங்கள். உங்கள் மெக்கானிக்குப் 'பார்த்த கூலி' என்று தனியாகக் கொடுங்கள். அளந்து காட்டாமல் எதையும் மாற்றாதீர்கள். அப்படியே மாற்றினாலும் பழையதை வீட்டுக்கு எடுத்து வாருங்கள், தங்கமணி எவ்வளவு திட்டினாலும் சரி.

இன்னொன்று. செல்ஃப் வேகமாக, ஜோராகச் சுற்றியும் வண்டி கிளம்பவில்லை என்றால் அது வேறு கதை. பத்து நாள் சும்மா நின்ற வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகியிருக்கும், பம்ப் அதை நிரப்பும்வரை சுற்ற வேண்டியிருக்கும். பாயின்ட் இடைவெளி, கண்டென்சர் பார்க்கலாம். இப்போது வரும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் குழாய்க்கும் பம்ப்பின் சவ்வுக்கும் அது ஆகாது, ஒரு தடவை தடவிப் பாருங்கள். டைனமோ வைத்த வண்டியை டிராஃபிக்கில் மட்டுமே ஓட்டினால் பேட்டரி சரியாகச் சார்ஜ் ஏறாது, வாரம் ஒரு தடவை நல்ல ரோட்டில் ஓட்டுங்கள்.

போன மாதம் காக்காபாபுவுக்கு போன் செய்தேன். எண்பத்து நாலு வயது. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கு முன்பே மல்லிக் பஜாரில் இரண்டு சனிக்கிழமை அலைந்து பார்த்திருந்தேன், அந்த மோட்டார் கிடைக்கவில்லை. அதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார், "எர்த் பக்கம் எவ்வளவு விழுந்தது?"

"2.9 வோல்ட், காக்காபாபு."

"பசங்களுக்கு ஓம் விதி நடத்தும்போது இதைச் சொல்லியிருக்கலாம். நல்ல கணக்கு." மறுபடியும் கொஞ்சம் மௌனம். "ஹேண்டில் இருக்கிறதா, அதையும் விற்றுவிட்டாயா?"

இருக்கிறது. டிக்கியில் கோணிப்பையில் சுற்றி, அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதே, இன்ஜின் திருப்பி அடித்தால் விரல் போய்விடும் என்று அவர் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததும் நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் போட்டு ஒரு தடவை சுற்றினேன். இரண்டாவது சுற்றில் கிளம்பியது. போனைப் பக்கத்தில் பிடித்து அவருக்குச் சத்தத்தைக் கேட்க வைத்தேன்.

டிஸ்கி: மிஸ்திரிக்கு அந்த ஐந்நூறை இப்போது கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். அன்றைக்குப் பார்க்காமல் விட்டதற்கு என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.